பழைய 70 ஐ 88 ஆக்கலாமா? வீட்டில் வைத்து உந்துருளி எஞ்சினைப் பெரிதாக்குதல்

சங்குப்பிட்டிப் பாலத்தில் சோளகம் கிளம்பி அடிக்கும் நாட்களில், பின்னால் மீன்பெட்டி கட்டிய ஹொண்டா 70 ஒன்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் கியரில் இழுவை போதாது. இரண்டுக்கு இறக்கினால் எஞ்சின் அலறும், வேகம் வராது. பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். சந்தை கலைவதற்குள் போய்ச் சேராவிட்டால் அன்றைய மீன் பாதி விலைக்குத்தான் போகும். இப்படி ஓடுகிறவர்கள் கராஜில் கேட்பது ஒன்றுதான்: “இதை ஒரு தொண்ணூறாக்கித் தர ஏலாதோ?”

ஏலும். லேத் வேலை ஒன்றிரண்டைத் தவிர மிச்சத்தை வீட்டு முற்றத்தில் வைத்தே செய்யலாம். ஆனால் சிலிண்டரை மட்டும் பெரிதாக்கிவிட்டு மற்றதெல்லாம் தானாகச் சரிவரும் என்று நினைத்தவர்களின் உந்துருளிகள்தான் சில மாதங்களில் திரும்பவும் கராஜ் வாசலில் நிற்கின்றன. உழைப்புக்கு ஒரேயொரு வாகனம் உள்ள வீட்டில், அது நிற்கும் ஒவ்வொரு நாளும் அடுப்பைப் பாதிக்கும். எனவே எதைச் செய்தால் என்ன நடக்கும், எதைச் செய்யாமலே அதே பலனை எடுக்கலாம் என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது.

புதிதாக ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்பது சுலபம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில் பழைய உந்துருளிகளின் விலையும் எட்டாத இடத்துக்குப் போனது. லீசிங்கில் எடுத்துக் கட்டுப்பணம் கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்களின் கதையும் எங்கள் ஊர்களில் புதிதல்ல. இருப்பதைப் பெரிதாக்கும் யோசனை இந்த நெருக்கடிக்குள் இருந்துதான் வருகிறது.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள்

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஓடும் ஹொண்டா சி50, சி70, சி90, பெண்கள் அதிகம் ஓட்டிய சலி, ஜப்பானில் தபால்காரர்கள் ஓட்டிக் கழித்தபின் இங்கு வந்த எம்டி90 எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிலிண்டர் முன்னோக்கிப் படுத்திருக்கும் எஞ்சின். இதன் மூதாதையான சுப்பர் கப் 1958 இல் ஜப்பானில் வெளிவந்தது. 2017 இல் அந்த வரிசையின் மொத்தத் தயாரிப்பு 10 கோடியைத் தொட்டது. உலகில் இதற்கு நிகராகப் பெருகிய மோட்டார் வாகனம் வேறில்லை.

எங்களுக்கு இந்த எஞ்சினுடன் உள்ள பழக்கம் அந்தக் கணக்குகளை விட நெருக்கமானது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் அடங்கியிருந்தது. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலம் அது. மணமும் புகையும் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெய் அமுக்கத்தில் தானாகவே பற்றி எஞ்சினைத் தட்ட வைக்கும். அமுக்கத்தைக் குறைத்தால்தான் அது ஒழுங்காக ஓடும். அதற்காக ஹெட்டுக்குக் கீழே கஸ்கற்றைத் தடிப்பாக்குவார்கள். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். அதனால் சிலிண்டர் சீக்கிரம் தேயும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தைக் கடந்துவந்த எஞ்சின் உங்களிடம் இருந்தால் அதைத் திறக்கும்போது இரட்டைக் கஸ்கற்றோ, இறுகிப்போன கரியோ இன்றும் உள்ளே இருக்கலாம். இன்னொன்று, அன்று எங்கள் ஆட்கள் செய்ததற்கு நேர் எதிரானதுதான் கொள்ளளவைக் கூட்டும்போது நடக்கிறது. அன்று அமுக்கம் குறைந்தது, இப்போது கூடும். அதைப் பின்னால் பார்ப்போம்.

எஞ்சின் சிறிதா, தேய்ந்ததா?

இழுவை இல்லை என்று வருகிற 70 களில் பெரும்பாலானவை சிறியவை என்பதால் இழுக்காமல் நிற்பவையல்ல. தேய்ந்துபோனவை. புதிதாக இருந்தபோது இருந்த பலம் அவற்றில் இப்போது இல்லை. அதைத் திருப்பி எடுத்தாலே பலருக்குப் போதும்.

சோதனை எளிது. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டு கிக்கரை உதையுங்கள். விரலைத் தள்ளி எறிய வேண்டும். மெல்லிய ஊதலாக வந்தால் அமுக்கம் போய்விட்டது. பின் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலை அதே துவாரத்துக்குள் விட்டு, நாலைந்து முறை உதைத்துவிட்டுத் திரும்பச் சோதியுங்கள். அமுக்கம் கூடினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. கூடாவிட்டால் வால்வ் சரியாக மூடவில்லை. வால்வ் மூடாததற்கு, இடைவெளியே விடாமல் யாராவது இறுக்கிவிட்டதும் காரணமாக இருக்கலாம். இந்த எஞ்சின்களுக்குக் குளிர்ந்த நிலையில் 0.05 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். அதற்குரிய ஃபீலர் கேஜ் ஒன்றின் விலை, கண்மதிப்பில் செய்து வால்வைச் சுடவைப்பதை விடக் குறைவு.

பிரேக் உரசுகிறதா, செயின் காய்ந்து இறுகியதா, ரயரில் காற்று உண்டா, கிளச் வழுக்குகிறதா என்பதையும் பாருங்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் பின் பிரேக் பிடித்தபடி ஓடுகிற உந்துருளிக்கு 88 சிசி பிளொக் வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு.

அடுத்தது பல்லுச்சக்கரம். முன் ஸ்புரொக்கற்றில் 15 பல் இருந்தால் 14 ஆக்கலாம். பின் சில்லுக்குப் போகும் இழுவை 7 சதவீதம் கூடும், அதேயளவு உச்ச வேகம் குறையும். எஞ்சினை ஒரு போல்ற் கூடக் கழற்றத் தேவையில்லை. பாரம் ஏற்றி 40, 45 கிலோமீற்றர் வேகத்துக்குள் ஓடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பின் ஸ்புரொக்கற்றையும் இரண்டு மூன்று பல் பெரிதாக எடுத்தால் பலன் இன்னும் தெரியும். விருப்பமில்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் பழையதைத் திருப்பிப் போடலாம்.

இவ்வளவும் செய்தபின்னும் போதாது என்றால் மேலே வாசியுங்கள்.

கொள்ளளவுக் கணக்கு

சிலிண்டரின் உள்விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்குங்கள். வருவதை 0.785 ஆல் பெருக்கி, பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரமான வீச்சால் பெருக்குங்கள். அளவுகள் சென்றிமீற்றரில் இருந்தால் விடை சிசியில் வரும்.

சி70 இன் உள்விட்டம் 47 மில்லிமீற்றர், வீச்சு 41.4. கணக்குப் போட்டால் 71.8 சிசி. சி50 இன் வீச்சும் அதே 41.4 தான், உள்விட்டம் 39. அதனால் 49 சிசி. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பிஸ்டனின் பருமனில்தான் இருக்கிறது, கிராங்கின் வீச்சில் இல்லை. இந்தக் குடும்பத்தில் கொள்ளளவைக் கூட்டுவது உலகெங்கும் பரவியதற்குக் காரணம் இதுதான். எஞ்சினின் வயிற்றைப் பிளக்காமல், மேல் பாதியை மட்டும் மாற்றிக் கூட்டலாம்.

பொதுவான படிகள் இரண்டு. ஒன்று, இருக்கிற பிளொக்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று நான்கு அளவுகளில் பிஸ்டன் வரும். கடைசி அளவான 48 மில்லிமீற்றருக்குப் போனாலும் கொள்ளளவு 75 சிசிக்குள்தான் நிற்கும். ஏறக்குறைய 4 சதவீதம். அதை ஓட்டும்போது உணரமாட்டீர்கள். உணர்வது புதிய ரிங்கும் புதிய சுவரும் கொடுத்த அமுக்கத்தைத்தான். ஆனாலும் தேய்ந்த எஞ்சினுக்கு இதுவே சரியான வைத்தியம். தேவையான ஆகச் சிறிய அளவை மட்டும் கடையச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பிலேயே 1.00 க்குப் போனால் அடுத்த முறைக்குச் சுவரில் இடமிராது.

இரண்டாவது படி, 52 மில்லிமீற்றர் பிஸ்டனுடன் வரும் தனிப் பிளொக். அதே 41.4 வீச்சில் இது 87.9 சிசி தரும். 88 கிற் என்று உலகம் முழுவதும் சொல்லப்படுவது இதுதான். 70 ஐ விட 22 சதவீதம் கூட. இதை ஓட்டும்போது நிச்சயம் உணர்வீர்கள். பழைய 47 பிளொக்கையே 52 க்குக் கடைந்து தாருங்கள் என்று லேத்காரரிடம் கேட்க வேண்டாம். அந்தச் சுவர் அவ்வளவு வெட்டுக்கு இடம் தராது. எஞ்சின் வாயின் விட்டமும் எல்லா வருடத்து எஞ்சினிலும் ஒன்றல்ல. புதிய பிளொக்கின் கீழ்க்கழுத்தை வேனியரால் அளந்து, உங்கள் எஞ்சினின் வாய்க்குள் அது இறங்குமா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். இறங்காவிட்டால் வாயைக் கடைய வேண்டும். அதற்கு எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும். அது வீட்டு வேலையல்ல.

ஹொண்டா சிடி100 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான கணக்கும் உண்டு. அதன் உள்விட்டம் 50, வீச்சு 49.5, கொள்ளளவு 97.2 சிசி. 0.50 கடைந்தால் 99.1. 0.75 கடைந்தால் 100.1. எங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் 100 சிசி வரை ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு. மூன்றாவது கடைசலில் கணக்குப்படி நீங்கள் வகுப்பு மாறிவிடுகிறீர்கள். தேய்மானத்துக்காகக் கடைந்ததை வீதியில் யாரும் அளக்கப்போவதில்லை என்பது வேறு கதை. 70 ஐ 88 ஆக்குகிறவர் ஏ1 க்குள்ளேயே நிற்கிறார்.

அமுக்கம்

அதிகம் பேர் கவனியாமல் விடுவது இங்கேதான். ஹெட்டுக்குள் உள்ள எரிகுழியின் அளவு மாறாமல், கீழிருந்து தள்ளப்படும் காற்றின் அளவு கூடினால் அமுக்க விகிதம் ஏறும். ஒரு 70 இன் விகிதம் 8.8 என்று வைத்துக்கொண்டால், அதன் எரிகுழி சுமார் 9.2 சிசி. அதற்குள் 87.9 ஐத் தள்ளினால் விகிதம் 10.5 க்கு மேல் போகும். காற்றால் மட்டும் குளிரும் பழைய எஞ்சினுக்கு, 92 பெற்றோலில், வெயில் நேரத்தில், மீன்பெட்டியுடன் இது அதிகம்.

நல்ல கிற்றுகளில் பிஸ்டனின் தலையைத் தட்டையாகவோ குழிவாகவோ செய்து இதை ஈடுகட்டியிருப்பார்கள். மலிவானவற்றில் அதைப் பற்றிய பேச்சே இராது. பழைய பிஸ்டனையும் புதிய பிஸ்டனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியதன் தலை பழையதைப் போலவே மேடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அடிக் கஸ்கற்றைச் சற்றுத் தடிப்பாகப் போட்டு பிளொக்கை உயர்த்தினால் விகிதம் இறங்கும். முப்பது வருடத்துக்கு முன் மண்ணெண்ணெய்க்காகச் செய்த அதே கைவேலைதான். அளவுக்கு மிஞ்சினால் எஞ்சின் சோம்பும்.

பாரத்துடன் இழுக்கும்போது தகரத்தில் சில்லறை கொட்டுவது போன்ற சத்தம் வந்தால் எஞ்சின் தட்டுகிறது. உடனே திறொட்டிலைக் குறைத்து வீட்டுக்குப் போங்கள். அந்தச் சத்தத்துடன் கிளிநொச்சி வரை ஓடினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்தாலும் விழும்.

காற்றும் பெற்றோலும்

பெரிய சிலிண்டருக்குப் பழைய காபரேற்றரே போதுமா? பாரம் இழுப்பவருக்கு, பெரும்பாலும் போதும். சிறிய காபரேற்றர் கீழ் வேகத்தில் இழுவையைக் கெடுக்காது. உச்ச வேகத்தைத்தான் கட்டிப்போடும். எங்களுக்கு வேண்டியதும் அதுவே. ஆனால் பிரதான ஜெற்றை ஒன்றிரண்டு படி பெரிதாக்க வேண்டி வரும். ஜெற்றின் மேல் அதன் இலக்கம் குறித்திருக்கும். ஐந்து ஐந்தாகக் கூட்டிப் பாருங்கள்.

பழைய ஜெற்றைக் கம்பியால் குடைந்து பெரிதாக்குவது தடைக்காலத்துப் பழக்கம். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்றும் அதைச் செய்கிற மேசன்மார் போன்ற மெக்கானிக்குகள் உண்டு. குடைந்த ஜெற்றின் அளவு என்னவென்று கடவுளுக்கும் தெரியாது.

கலவை சரியா என்பதைப் பிளக் சொல்லும். நாலைந்து கிலோமீற்றர் நன்றாக ஓடி, எஞ்சினை நிறுத்தி, சூடு தணிந்ததும் கழற்றிப் பாருங்கள். மண்ணிறமாக இருந்தால் சரி. கரிய புகைப் படிவு இருந்தால் பெற்றோல் கூட. வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் விழுவீர்கள். வெளிறி வெள்ளையாக இருந்தால் பெற்றோல் போதாது. மூன்றிலும் ஆபத்தானது இந்த வெள்ளைதான். கறுப்பு உங்கள் பணத்தைத் தின்னும், வெள்ளை எஞ்சினைத் தின்னும். ஜெற்றைக் கூட்டியும் வெள்ளை போகாவிட்டால் காபரேற்றருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள கறுப்பு இன்சுலேற்றரின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அங்கே கள்ளக்காற்று உள்ளே போகும்.

பெற்றோல் செலவு கூடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கூடும். ஆனால் முன்பு முழுத் திறொட்டிலில் அலறியபடி ஓடியவர் இப்போது பாதியில் ஓடினால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 2022 இல் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கி வாழ்ந்ததை மறக்காதவர்கள் இதையும் ஒரு பக்கம் யோசித்து வைத்துக்கொள்ளட்டும்.

கழற்றலும் பூட்டலும்

முதலில் கிராங்க். பிளொக்கைக் கழற்றியதும் கனெக்ரிங் ரொட்டைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. மேல் கீழாக ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் பெரிய பிஸ்டன் போடும் கதையை அங்கேயே நிறுத்துங்கள். தேய்ந்த பெயாரிங்கில் 22 சதவீதம் கூடிய அடி விழுந்தால் ரொட் எத்தனை நாளைக்கு நிற்கும்?

ஹெட்டின் நான்கு நட்களைத் தவிரப் பக்கத்தில் மறைந்தாற்போல் சிறிய போல்ற்றும் உண்டு. அதை மறந்துவிட்டு ஸ்குரூ டிரைவரால் நெம்பி பிளொக்கின் இறகுகளை உடைத்தவர்கள் எத்தனையோ பேர். நட்கள் எல்லாம் ஒரே மாதிரியல்ல, ஒன்றின் கீழ் செம்பு வோஷர் இருக்கும். ஒயில் அந்த வழியால் மேலே போவதால் அது மாறிப் போனால் கசியும். கழற்றும்போதே கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

கடைந்து வந்த பிளொக்கை வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவுங்கள். பெற்றோலால் துடைத்தால் மட்டும் கடைசல் தூள் போகாது. வெள்ளைத் துணியால் துடைத்துத் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவி, உடனே ஒயில் பூசுங்கள். ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் இறக்கி, அதன் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளவுங்கள். 0.15 முதல் 0.35 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். முனைகள் முட்டினால் சூட்டில் ரிங் விரிந்து சிலிண்டரைக் கீறும். எழுத்துப் பொறித்த பக்கம் மேலே இருக்க வேண்டும். மூன்று ரிங்கின் வாய்களும் ஒரே நேரில் வரக்கூடாது. பிஸ்டன் தலையில் ஐ, என் என்ற ஆங்கில எழுத்துக்கள் இருந்தால் அந்தப் பக்கம் காபரேற்றர் பக்கம்.

கொண்டைப் பின்னைப் பிடிக்கும் சிறிய கம்பி வளையத்தைப் புதிதாகவே போடுங்கள். இளம் வயதில் நான் முதன்முதலாக ஒரு சலியின் பிஸ்டனைத் தனியாக மாற்றியபோது, பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே திருப்பிப் போட்டேன். மூன்றாம் நாள் அது கழன்று, புதிய சிலிண்டரில் மேலிருந்து கீழாக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. சில ரூபாய்ப் பொருள். அதைப் போடும்போது எஞ்சின் வாய்க்குள் துணி அடைத்து வையுங்கள், தவறி விழுந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டி வரும்.

ரைமிங் செயினைப் பூட்டும்போது மக்னெற் சில்லில் உள்ள ரி குறி எஞ்சின் உடலின் குறியுடன் நிற்க வேண்டும். மேலே கெம் சில்லில் உள்ள வட்டக் குறி ஹெட்டின் வெட்டுடன் நிற்க வேண்டும். ஒரு பல் பிசகினாலும் எஞ்சின் இழுக்காது. நட்களைக் குறுக்குக் குறுக்காக, மூன்று நான்கு தடவையில் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கிக்கரை உதைக்கும் முன் மக்னெற் சில்லைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது இடித்தால் அதற்கு மேல் பலம் பிடிக்காமல் திறந்து பாருங்கள்.

இந்த எஞ்சின்களில் கடதாசி ஒயில் பில்ரர் கிடையாது. வலது மூடிக்குள், சுழலும் ஒரு கிண்ணத்தின் உட்சுவரில் அழுக்குச் சேறாக ஒட்டும். கீழே ஒரு வலை உண்டு. பல வருடமாக யாரும் திறக்காத கிண்ணத்தில் களி போல இருக்கும். மேல் பாதியைப் புதிதாக்கிவிட்டு இதை விடுவது, கிணற்றை இறைக்காமல் புது வாளி வாங்குவது போல. உள்ளே நிற்கும் ஒயில் ஒரு லீற்றருக்கும் குறைவு. பெரிய பிஸ்டனின் சூட்டையும் அதுவேதான் தாங்க வேண்டும். பழையபடி நினைத்த நேரம் மாற்றினால் போதாது.

கிளச்சும், கை இழந்தவர்களும்

கப் குடும்பத்தின் கிளச் தானியங்கி. இடது கையில் கிளச் பிடி இல்லை. இந்த ஒரே காரணத்தால், போரில் இடது கையையோ விரல்களையோ இழந்த பலருக்கு ஓட்டக்கூடிய ஒரே உந்துருளியாக இது இருக்கிறது. அவர்களில் சிலர் பின்னால் இரண்டு சில்லுப் பூட்டியும், பக்கத்தில் பெட்டி பூட்டியும் வியாபாரம் செய்கிறார்கள். அந்த மேலதிகப் பாரத்தால்தான் எஞ்சினைப் பெரிதாக்கும் தேவையும் அவர்களுக்கு அதிகம்.

88 போட்டால் பழைய கிளச் வழுக்கத் தொடங்கலாம். எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. தட்டுகளை மாற்றி, சற்றுக் கடினமான ஸ்பிறிங் போட்டால் தீரும். ஆனால் கவனம். பிளொக்கை மாற்றுவதற்குப் பதிலாக, இதே சட்டத்தில் இரண்டு போல்ற்றில் பூட்டக்கூடிய 110, 125 சிசி சீன எஞ்சின்களும் உள்ளன. அவற்றில் கைக்கிளச் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. மலிவாகக் கிடைத்ததென்று கைக்கிளச் எஞ்சினைப் பூட்டிவிட்டால், ஒரு கையால் ஓட்டுகிறவருக்கு அந்த உந்துருளியே இல்லாமல் போய்விடும். மகனோ மருமகனோ நல்லெண்ணத்தில் செய்யும் வேலைதான். கேட்டுச் செய்யுங்கள்.

பிரேக்கைப் பற்றி நீட்டவில்லை. 70 உடன் வந்த சிறிய டிரம் பிரேக்குகள் 70 இன் வேகத்துக்கானவை. சூ புதிது போடுங்கள், கேபிளை மாற்றுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். இழுவைக்காகச் செய்த வேலையைப் பொடியன் இரவில் ஏ9 இல் வேகம் பார்க்க எடுக்காமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பு.

புத்தகமும் இலக்கமும்

2009 க்குப் பின் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் போனவர்கள், கைவிடப்பட்டுத் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த உந்துருளிகளைக் கண்டிருப்பார்கள். வாகனத்துடன் பலருக்குப் புத்தகமும் போனது. ஓர் எஞ்சின் இலக்கம் புத்தகத்துடன் பொருந்தாமல் நிற்பது வேறு மாகாணத்தில் ஒரு எழுத்துப்பிழை. எங்கள் வீதிகளில், சோதனையில் மறிக்கும்போது, அதற்கு ஒரு நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

எஞ்சின் இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பது கீழ் உடலில், பிளொக்கில் அல்ல. ஆகவே பிளொக்கை மாற்றினால் இலக்கம் மாறாது. முழு எஞ்சினையும் மாற்றினால் மாறும். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் இரண்டும் இருப்பதால், மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்த வேண்டும். மாவட்டச் செயலகத்தில் உள்ள அவர்களின் அலுவலகத்தில், வேலையைத் தொடங்க முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய எஞ்சினுக்கு விற்றவரின் பற்றுச்சீட்டும் அடையாள அட்டைப் பிரதியும் கட்டாயம் எடுங்கள். பற்றுச்சீட்டில்லாத எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். காப்புறுதிக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாத மாற்றம், விபத்தின் பின் அவர்கள் கையை விரிக்க ஒரு காரணமாகும்.

உதிரிப்பாகத்துக்காகப் பழைய இரும்புக் குவியல்களைக் கிளறுகிறவர்கள், வெடிபொருள் அகற்றப்படாத காணிகளிலிருந்து வந்த இரும்பு என்றால் தொடாமல் விடுங்கள்.

முதல் 500 கிலோமீற்றர்

ஸ்ராட் செய்ததும் ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, முழுதாக ஆறவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. முற்றாகக் குளிர்ந்த பிறகு ஹெட் நட்களின் இறுக்கத்தையும் வால்வ் இடைவெளியையும் திரும்பப் பாருங்கள். முதல் ஒயிலை 100 கிலோமீற்றருக்குள் ஊற்றிவிடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் அதில் மினுங்கும் தூளைக் காண்பீர்கள், ரிங் அமர்வதால் வருவது. துண்டு துண்டாக வந்தால் திறக்க வேண்டும். 500 கிலோமீற்றர் வரை முழுத் திறொட்டிலும் முழுப் பாரமும் வேண்டாம். தினமும் உழைக்க வேண்டியவருக்கு இது கடினம்தான். அரைப் பெட்டி மீனுடன் ஒரு கிழமை ஓடுவதற்கு முன்கூட்டியே ஆயத்தப்படுங்கள். அல்லது கடலுக்குப் போகாத நாட்கள் பார்த்து வேலையைத் தொடங்குங்கள்.

கழற்றிய பழைய பிளொக்கையும் பிஸ்டனையும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஒயில் பூசி, கடதாசியில் சுற்றி, பொலித்தீனில் கட்டி, மழை படாத இடத்தில் வையுங்கள். விற்கும் நாளில் வாங்குகிறவர் புத்தகத்தில் உள்ளபடி 70 ஆகத்தான் வேண்டும் என்று கேட்டால், அரை நாளில் திரும்பப் பூட்டிக் கொடுக்கலாம்.